மாதா நீலம்

நாகர்கோவிலிலிருந்து வந்த பஸ்ஸில் பெபிஷா மடியில் வைத்திருந்தது ஆரஞ்சு நிறப் பெயிண்ட் டின். பக்கத்தில் இருந்த பெண் டின்னைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கா?" என்று கேட்டாள். "வள்ளத்துக்கு" என்றாள் பெபிஷா. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இராஜாக்கமங்கலத்தை அடுத்த அந்தக் கடற்கரையில் வள்ளத்துக்கு ஆரஞ்சு அடித்தவர் எவரும் கிடையாது. அடித்தால் நீலம். கையில் காசு இருந்தால் நல்ல நீலம், இல்லாவிட்டால் மட்டமான நீலம். கடலில் ஓடுகிற வள்ளத்துக்குக் கடலின் நிறத்தையே பூசி அனுப்பும் புத்தி முதலில் யாருக்கு வந்ததோ தெரியாது. கேட்டால் மாதாவின் மேலாடை நிறம் என்பார்கள். மாதா பெயரைச் சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பது?

பெபிஷா திறந்தாள். அவள் நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். அவளுடைய கணவன் டிஜோ கடல் தொழில் செய்கிறவன். போன ஐப்பசியில் அவனும் அவளுடைய தம்பி ஷைஜுவும் வீட்டின் நீல வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனார்கள். எஞ்சின் நின்றது, பெரிய அலை ஒன்று வள்ளத்தைக் குப்புறக் கவிழ்த்தது. இருவரும் கவிழ்ந்த வள்ளத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஊர் வள்ளங்கள் தேடின. மறுநாள் ஒரு ஹெலிகாப்டர் தலைக்கு மேலேயே போனது. யாரும் பார்க்கவில்லை. அடிப்பக்கம் வரைக்கும் ஒரே நீலம். அன்று ராத்திரி ஷைஜுவின் கை விட்டுவிட்டது. விடிந்ததும் ஒரு விசைப்படகு கிட்டத்தட்ட மோத வந்து, டிஜோவைக் கண்டு தூக்கியது. வள்ளத்தையும் கட்டி இழுத்து வந்தார்கள். ஷைஜுவின் உடல் கிடைக்கவேயில்லை.

இப்போது ஆவணி பிறந்திருந்தது. கடல் அடங்கிவிட்டது. மாதா பிறந்த திருநாளுக்குக் கோவில் சாமியார் தீர்த்தம் தெளித்து வள்ளங்களை மந்திரிப்பார், மறுநாள் டிஜோ கடலுக்குப் போவான். போகாதே என்று பெபிஷா சொல்லவில்லை. கடற்கரையில் பிறந்தவளுக்கு அது சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. ஆனால் அந்த நீலத்தோடு அவன் போகக்கூடாது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மாமனார் ஞானதாசன் முற்றத்தில் நீலப் பெயிண்ட் டின்னை ஒரு குச்சியால் நெம்பித் திறந்துகொண்டிருந்தார். மகன் காணாமல் போன ராத்திரி அவர் கோவிலில் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டது ஊருக்கே தெரியும். பிள்ளை வந்தால் வள்ளம் உள்ள காலம் வரைக்கும் மாதாவின் நிறம்தான் என்பது நேர்ச்சை. பிள்ளை வந்துவிட்டான். அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது.

"இது என்ன மக்கா?" என்றார், அவள் டின்னைப் பார்த்து.

"வள்ளத்துக்கு மாமா. நீலம் வேண்டாம்."

"நீலம் வேண்டாமா? எனக்க மவனைக் கரையேத்தினது அந்த நீலமாக்கும்."

பெபிஷா அடுக்களைக்குப் போய், மாமியார் வெட்டுவதற்கு வைத்திருந்த அயலை மீன் ஒன்றை எடுத்து வந்தாள். அதை அவர் முன்னால் பிடித்தாள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி.

"மாமா, இதுக்க முதுகு ஏன் இப்பிடி? மேல இருந்து பாக்க பறவைக்கு அடிக்கடல் மாதிரி தெரியும். வயிறு ஏன் வெள்ளை? கீழ கெடக்க பெரிய மீனு அண்ணாந்து பாத்தா வானம் மாதிரி தெரியும். ஒளிஞ்சுக்கிட ஆண்டவர் குடுத்த நிறம். நாம வள்ளத்துக்கு அதையே அடிக்கோம். மீனு ஒளியட்டும். நம்ம பிள்ளைகள் எதுக்கு ஒளியணும்?"

ஞானதாசன் மீனையும் பார்த்தார், மருமகளையும் பார்த்தார். "மீனைக் கொண்டு போய் அடுக்களையில வையி" என்றார்.

டிஜோ வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தான். அந்த ஐப்பசிக்குப் பிறகு அவனுக்குப் பேச்சு குறைந்துபோயிருந்தது. இருவரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து, "ஒரு பக்கம் அதை அடிப்போம், மறுபக்கம் இதை அடிப்போம். எது தெரியுதுன்னு பாத்துட்டுப் பொறவு சொல்லுங்க" என்றான். அவன் சொன்னதில் இருவருக்கும் சம்மதம். இருவருக்கும் தங்கள் பக்கம் ஜெயிக்கும் என்று உறுதியாக இருந்தது.

வலப்பக்கம் நீலமும் இடப்பக்கம் ஆரஞ்சுமாக வள்ளம் காய்ந்தது. கடற்கரை முழுக்க அதுதான் பேச்சு. பக்கத்து வீட்டு ஜெப்சன் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை வந்து நின்று பார்த்துவிட்டு, "மைனி, ஒரு வள்ளத்துக்கு ரெண்டு வள்ளம் லாபம்" என்றான் பெபிஷாவிடம். அவனும் தேடப் போனவன்தான். ஞானதாசனை ஏற்றிக்கொண்டு போனதே அவன் வள்ளம். ஆனாலும் கேலி பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நல்ல வெயிலில், டிஜோ வள்ளத்தை ஓட்டிக்கொண்டு தூரமாகப் போனான். பெபிஷாவும் ஞானதாசனும் ஜெப்சனும் கோவில் மணிக்கூண்டில் ஏறி நின்றார்கள். பின்னால் ஏறி வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல் பாதிப் பேர் படியில் நின்றார்கள். பெபிஷா கையில் போன்.

"நீலத்தைக் காட்டுங்க" என்றாள்.

கடல் பளபளத்தது. டிஜோ எங்கேயோ அங்கேதான் இருந்தான். படியில் நின்றவர்கள் ஆளுக்கொரு திசையில் கை நீட்டினார்கள். ஞானதாசன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தேடினார். அவருக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர்.

"இனி திருப்புங்க."

ஆரஞ்சு சட்டென்று முளைத்தது. அத்தனை பேருக்கும் ஒரே இடத்தில் தெரிந்தது. அவர்கள் கை நீட்டிய எந்தத் திசையிலும் அது இல்லை. ஜெப்சன் விசிலடித்தான். பெபிஷாவுக்கு உள்ளே நிறைந்துபோனது. மாமனாரைப் பார்க்காமல் கடலையே பார்த்தாள்.

ஞானதாசன் சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. "வெயில்ல எல்லாம் தெரியும். அந்திக்குத்தான் கப்பல்காரன் மோதுகான். அந்திக்குப் பாப்போம்" என்றார். அதில் நியாயம் இருந்தது. பாதிக்குப் பாதி விபத்து அந்தியிலும் விடியலிலும்தான். பெபிஷா சரி என்றாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பொழுது விழுந்து, வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்த நேரம். மறுபடியும் மணிக்கூண்டு. இந்தத் தடவை கூட்டம் இரண்டு மடங்கு.

"ஆரஞ்சைக் காட்டுங்க."

ஒன்றும் தெரியவில்லை. பெபிஷா கண்ணை இடுக்கினாள். கடல் சாம்பலும் கறுப்புமாகக் கிடந்தது. ஆரஞ்சு எங்கே போயிற்று?

"காட்டியாச்சு" என்றான் டிஜோ போனில். "காட்டிக்கிட்டுத்தான் நிக்கேன்."

"திருப்புங்க" என்றாள்.

கறுப்புத் தண்ணீரில் வெளிறிய ஒரு பூச்சு தெரிந்தது. நல்ல தெளிவாக இல்லை, ஆனாலும் இருந்தது. அது நீலம். ஞானதாசன் சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "மைனி, உங்க ஆரஞ்சு அந்திக்குக் கருவாடாப் போச்சே" என்றான் ஜெப்சன்.

கீழே இறங்கும்போதே பெபிஷாவுக்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் எரிச்சல் அதிகமானது. கல்லூரியில் முதல் வருஷத்திலேயே படித்த பாடம். கண்ணுக்குள் பகல் வெளிச்சத்துக்குக் கூம்பு செல்கள், மங்கல் வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள். வெளிச்சம் குறையக் குறையக் கூம்பு ஓய்ந்து குச்சி வேலைக்கு வரும். குச்சிக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஏறக்குறையக் கறுப்புதான். நீலம்தான் அதற்கு வெளுப்பாகத் தெரியும். பரீட்சையில் முழு மார்க் வாங்கிய கேள்வி அது. ஊரே பார்க்க, மணிக்கூண்டின் உச்சியில் நின்று அதைக் கோட்டை விட்டிருக்கிறாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் வேளாங்கண்ணி, மருமகளின் தட்டைப் பார்த்து, மீன் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு லாரி டிரைவர் வந்தார். ராத்திரி ரோட்டில் ஆள் குறுக்கே வந்தால் தெரிவதில்லை என்றார். அவருக்குப் பெபிஷா சாதாரண எழுத்து அட்டைக்குப் பிறகு இன்னொரு அட்டையை மாட்டினாள். அதில் எல்லா எழுத்தும் ஒரே அளவு. முதல் எழுத்து நல்ல கறுப்பு, அடுத்தடுத்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் வெள்ளைத் தாளோடு தாளாகக் கலந்துபோகும். டிரைவர் பாதி வரை மளமளவென்று படித்தார். பிறகு நிறுத்தினார்.

"அங்க எழுத்து இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"எனக்கு வெறும் தாளாத்தான் இருக்கு."

பெபிஷா அட்டையைப் பார்த்தபடியே நின்றாள். நாள்தோறும் மாட்டுகிற அட்டை. எழுத்து பெரியதுதான், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதிலிருந்து அது வேறுபடவில்லை, அவ்வளவுதான், அதனால் அது இல்லாமல் போகிறது. கண் நிறத்தைத் தேடுவதில்லை. வெளுப்பும் கறுப்பும் சேருகிற ஓரத்தைத் தேடுகிறது. ஓரம் கிடைத்தால் பிடித்துக்கொள்ளும். அவள் இத்தனை நாள் ஒரு நல்ல நிறத்தைத் தேடி அலைந்திருக்கிறாள். எந்த ஒற்றை நிறமும் ஏதோ ஒரு வெளிச்சத்தில் கடலோடு கலந்துவிடும். இரண்டு வேண்டும். பளிச்சென்ற ஒன்றும் இருண்ட ஒன்றும், அதுவும் அடுத்தடுத்து, பெரிய பெரிய கட்டமாக. வெயிலில் கறுப்பு காட்டிக்கொடுக்கும், அந்தியில், ஆரஞ்சைப் போலக் கறுத்துப்போகாத எலுமிச்சை மஞ்சள் காட்டிக்கொடுக்கும். கடலில் அலை உண்டு, நுரை உண்டு, கட்டம் மட்டும் கிடையாது.

"மேடம், அடுத்த எழுத்து?" என்றார் டிரைவர். பெபிஷா அவர் பரிசோதனையை ஒழுங்காக முடித்து டாக்டரிடம் அனுப்பிவிட்டு, சாயங்காலம் எலுமிச்சை மஞ்சளில் ஒரு டின்னும் கறுப்பில் ஒரு டின்னும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

டின்கள் முற்றத்தில் இறங்கியதும் ஞானதாசன் எழுந்துவிட்டார்.

"நேத்து ஆரஞ்சு. இண்ணைக்கு மஞ்சளும் கறுப்புமா? நாளைக்குப் பச்சை கொண்டு வருவியா?"

"ஒரு தடவை தோத்தா விட்டுருவாங்களா மாமா? நான் விடமாட்டேன். இன்னொரு தடவை பாப்போம்."

"பாக்க ஒண்ணுமில்ல. அந்திக்கு மாதாவுக்க நிறம் தெரிஞ்சுது. நீயும் பாத்தியே."

"பகல்ல தெரியல்லியே. அதையும் நீங்க பாத்தீங்க."

"எனக்க மவனை அந்த நீலம் கொண்டுவந்து விட்டுது பிள்ள. அதை நான் மாத்த மாட்டேன்."

"எனக்க தம்பியை?" என்றாள் பெபிஷா.

ஞானதாசன் துவர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போகத் திரும்பினார். அப்போது டிஜோ, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா, நீங்க வந்தீங்க" என்றான்.

"எங்க வந்தேன்?"

"அண்ணைக்கு. மத்தியானம் சாஞ்ச பொறவு. ஜெப்சனுக்க வள்ளத்துல முன்னால நின்னீங்க. தலையில செவப்புத் துவர்த்து கெட்டியிருந்தீங்க. ஷைஜுதான் முதல்ல கண்டான். மாமா வந்துட்டாருன்னு சொல்லிச் சிரிச்சான். நாங்க ரெண்டுபேரும் கத்தினோம். காத்து உங்க பக்கத்துல இருந்து அடிச்சுது, எஞ்சின் சத்தம் வேற. நீங்க கண்ணுக்கு மேல கையை வச்சு எங்க நேரே பாத்தீங்கப்பா. எனக்கு உங்க மூஞ்சி தெரிஞ்சுது. பொறவு வள்ளத்தைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினீங்க."

ஞானதாசனின் கை தோளில் கிடந்த துவர்த்துக்குப் போனது.

"அதுக்குப் பொறவு ஷைஜு கத்தவேயில்ல" என்றான் டிஜோ. "ஹெலிகாப்டர் வந்தப்பக்கூட கையைத் தூக்கல்ல."

"ஏம்லே இத்தனை நாள் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க தாங்குவியளா?"

கிழவர் அப்படியே முற்றத்தில், டின்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். பெபிஷாவுக்கும் இது புதிது. இத்தனை நாள் அவள் கோபமெல்லாம் பெயர் தெரியாத அந்த ஹெலிகாப்டர்காரன் மேல். தம்பியைப் பார்த்தும் பாராமல் போன ஆள் இதோ காலடியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் ஆத்திரம் வரும் என்று அவள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். வரவில்லை. தம்பியின் சிரிப்புதான் வந்தது. அவள் அழுதாள், வாய்விட்டே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க கண்ணு நல்ல கண்ணு. கண்புரை எடுத்த பொறவு நான்தானே பரிசோதிச்சேன். உங்க கண்ணுல குறை இல்ல. கண்ணு கடலுக்குள்ள நீலத்தைத் தேடினா ஆருக்கும் கிட்டாது. எனக்கும் கிட்டியிருக்காது."

"நேரே பாத்தேனா?" என்று அவர் மகனிடம் கேட்டார். மகன் தலையசைத்தான். அந்த டின்களைப் பற்றி அவர் ஒரு முடிவும் சொல்லவில்லை. பெபிஷா அவற்றை எடுத்து ஓரமாக வைத்தாள். திருநாள் நெருங்கிவிட்டது. அவர் மறுத்தாலும் காலையில் தானே இறங்கிச் சுரண்டுவது என்று நினைத்துக்கொண்டு படுத்தாள்.

காலையில் அவள் உப்புத்தாளோடு கரைக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே தேய்க்கிற சத்தம் கேட்டது. ஞானதாசன் நீலப் பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வேட்டி, கை, மீசை எல்லாம் நீலத் தூள். ஜெப்சன் வழக்கம்போல ஏதோ சொல்ல வாய் திறந்து வந்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெபிஷா கையிலிருந்து ஒரு தாளை வாங்கி மறுபக்கம் போய்த் தேய்க்க ஆரம்பித்தான்.

"நேர்ச்சை என்னாகும் மாமா?" என்று பெபிஷாவே கேட்டுவிட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நேந்தது நான். மாதாட்ட நான் பேசிக்கிடுதேன்." அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மாதாவுக்கு இந்த வள்ளத்தை எந்த நிறத்திலயும் தெரியும் மக்கா. எனக்குத்தான் தெரியல்ல."

வள்ளத்தின் முன்பக்கத்தில் சிலுவை வரைந்த இடத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு நீலத்தை விட்டுவைத்தார். மற்றதெல்லாம் போயிற்று. பெபிஷா சாக்பீஸால் கட்டம் போட்டாள். அடிப்பக்கத்தையும் விடக்கூடாது என்று வள்ளத்தைக் கவிழ்த்து வைத்து அடித்தார்கள். உள்பக்கமும் அப்படியே. ஜெப்சனுக்கு மறுபடி வாய் வந்துவிட்டது. "மைனி, இதுல மீனு ஏறாது. சதுரங்கம் ஆடத்தான் ஆளு ஏறும்" என்றான். ஞானதாசன் அவன் கையில் பிரஷைக் கொடுத்து, கறுப்புக் கட்டத்தை ஓரம் பிசகாமல் அடிக்கச் சொன்னார்.

பெயிண்ட் காய்ந்து வள்ளத்தை இறக்கிய அன்று பகலில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மணிக்கூண்டுக்கு ஏறவே வேண்டாம், கரையிலிருந்தே தெரிந்தது. அந்தி வந்தது. டிஜோ போனான். இந்தத் தடவை போனை ஞானதாசன் கேட்டு வாங்கிக்கொண்டார். மணிக்கூண்டின் விளிம்பில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்தார். கடல் சாம்பலாகி, கறுத்துக்கொண்டு வந்தது. பெபிஷா அவருக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெளுத்ததும் கறுத்ததுமாக, சிறியதாக, ஆனால் சந்தேகமில்லாமல். அவர் கண் அதைத் தானே பிடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவருடைய கை இடப்பக்கம் போய், திரும்பி வந்து, ஓரிடத்தில் நின்றது.

"அப்பா, தெரியுதா?" என்று போனில் டிஜோவின் குரல் கேட்டது.

"தெரியுது மக்கா."

"அப்போ திரும்பி வரட்டா?"

"வா. தெரியுது." அவர் தலையில் கட்டியிருந்த துவர்த்தை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. "தெரியுது, வா."

வள்ளம் கரையில் முட்டும் வரைக்கும் அவர் போனை வைக்கவுமில்லை, அதைச் சொல்வதை நிறுத்தவுமில்லை.